வடசுவருக்கு வெயில் வரும் மாதம்

டெல்டா வாசகர்கள் ஒளிப்படம் பற்றி அனுப்பிய கேள்விகளில் பெரும்பகுதி கோவிலைப் பற்றியவை. மீதி வயல், பறவை, பழைய வீடு. எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். காவிரிப் பக்கம் படம் எடுக்க முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: வெயில் எந்தச் சுவரில் விழும், தண்ணீர் எந்த மாதம் வரும்.

கோஷ்டத்து (கருவறை வெளிச்சுவர் மாடத்து) தட்சிணாமூர்த்தி அழகாக வருகிறார். துர்க்கையை எப்போது எடுத்தாலும் முகம் இருட்டடித்துப் போகிறது. ஃப்ளாஷ் போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

ஃப்ளாஷ் வேண்டாம். நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சம் செதுக்கலின் மேடு பள்ளத்தை மழுங்கடித்துவிடும். எண்ணெய் ஏறிய கருங்கல்லாக இருந்தால் மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைத் திட்டு விழும்.

நீங்கள் எடுப்பது மார்கழி, தை மாதங்களாக இருக்கும் என்று நினைக்கிறோம். கிழக்கு பார்த்த சிவன் கோவிலில் தட்சிணாமூர்த்தி தென்சுவரில் இருப்பார், லிங்கோத்பவர் மேற்கில், பிரம்மாவும் துர்க்கையும் வடக்கில். புரட்டாசி முதல் வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம் வரை சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகிறது. அந்த ஆறு மாதமும் வடசுவரில் நேர் வெயில் படவே படாது. சுற்றுலாக் கூட்டம் வருவதும் அதே மாதங்களில்தான் என்பதால், வடபுறச் சிற்பங்கள் ஆயிரக்கணக்கான படங்களில் மங்கலாகவே பதிவாகியிருக்கின்றன. பெரிய இழப்பு இது.

துர்க்கைக்கு உரிய மாதங்கள் வைகாசி, ஆனி, ஆடி. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஏறத்தாழ ஏப்ரல் 18 முதல் 20-க்குள் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. நடுவில் உள்ள நான்கு மாதமும் வடசுவர் நாள் முழுதும் வெயில் பக்கம். ஆனால் எல்லா நேரமும் எடுக்க முடியாது. சுவருக்கு மேல் வெளியே நீண்டிருக்கும் கல் விளிம்பான கொடுங்கை குறுக்கே வரும். ஆனி மாதம் காலை 8 மணிக்கு, 60 செ.மீ. நீட்டிய கொடுங்கை சுவரில் ஏறத்தாழ 95 செ.மீ. நிழலை இறக்கிவிடும், அம்பாளின் முகம் அதற்குள் போய்விடும். 7.20-க்கு அந்த நிழல் 60 செ.மீ. தான் இருக்கும். 6.40 வாக்கில் 30 செ.மீ.-க்கும் கீழே. ஆகவே காலை 6.15 முதல் 7.30 வரை, மாலையில் 5 மணியிலிருந்து 6.15 வரை. அந்த நேரத்தில் சூரியன் சுவரோடு 20 டிகிரி சொச்சம் சாய்வில் உரசிக்கொண்டு வரும். கை விரல், சங்கு, சக்கரம், ஆடை மடிப்பு எல்லாம் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

சின்னக் கோவிலில் ஒரு சிக்கல் உண்டு. மதில் நாலைந்து மீட்டர் தள்ளி உயரமாக எழுந்து நின்றால் தாழ்ந்த வெயில் உள்ளேயே வராது. அங்கே நண்பர் ஒருவரிடம் வெள்ளை வேட்டியை நாலாக மடித்துக் கொடுத்து, வெயில் விழும் தரைக்கு அருகே, சிற்பத்துக்கு ஒரு பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். எட்டடி தூரத்திலிருந்துகூட முகத்தில் வெளிச்சம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். காவி, மஞ்சள் துணி வேண்டாம். கல்லின் நிறம் மாறிவிடும்.

லிங்கோத்பவருக்கு வருஷம் முழுக்கப் பிற்பகல் 3 மணிக்கு மேல்.

எடுக்குமுன் குருக்களிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். வழிபாட்டில் இருக்கும் மூர்த்தியைப் பல கோவில்களில் எடுக்கவிட மாட்டார்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோவில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்ன பிறகு, வாசலிலேயே போனை வாங்கி வைக்கும் கோவில்களும் கூடியிருக்கின்றன.

பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, அதைப் படமாக எடுத்துக் காட்ட முடியுமா?
– பள்ளி ஆசிரியர், ஒரத்தநாடு

விழும். அதைத்தான் படமாக எடுத்துக் காட்டலாம். விமானத்தின் உயரம் 216 அடி, ஏறத்தாழ 66 மீட்டர். அடித்தளம் ஒரு பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 15 மீட்டர். சூரியன் அடிவானத்திலிருந்து 77 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் உச்சியின் நிழல் அந்த 15 மீட்டருக்குள், விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை உச்சிவேளையில் இதுதான் நடக்கிறது. அந்தப் பேச்சு கிளம்பியதற்கு இது காரணமாக இருந்திருக்கலாம்.

மாணவர்களை டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அழைத்துப் போங்கள். நண்பகல் 12.10-க்கு சூரியன் 56 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். நிழல் நுனி விமானத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர் வடக்கே, அடித்தளத்தைத் தாண்டி 30 மீட்டர் தள்ளித் தரையில் கிடக்கும். வடக்குத் திருச்சுற்று ஓரத்திலிருந்து, விமானமும் நிழலும் ஒரே படத்தில் வரும்படி எடுக்கலாம். நிழலின் நீளத்தை அளந்து உயரத்தைக் கணக்குப் போடச் சொன்னால் கணிதப் பாடமும் முடிந்தது. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கட்டடத்துக்கு இல்லாத அதிசயத்தை ஏற்றிச் சொல்லத் தேவையே இல்லை.

கைப்பேசியில் எடுத்தால் விமானம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வருகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், வலங்கைமான்

போனை மேல் நோக்கிச் சாய்ப்பதால் வரும் கோளாறு. போனின் முதுகு சுவருக்கு இணையாக, செங்குத்தாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் சாயாது. உச்சி படத்துக்குள் அடங்க வேண்டும் என்றால் பின்னால்தான் போக வேண்டும். போனின் முதன்மை லென்ஸுக்கு (முழு ஃப்ரேம் கேமராக் கணக்கில் 24 மி.மீ.) ஏறத்தாழ 90 மீட்டர், அகல லென்ஸுக்கு (அதே கணக்கில் 13 மி.மீ.) ஏறத்தாழ 50 மீட்டர். கோவிலின் உள்வெளி ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். விமானம் மேற்குப் பாதியில் இருக்கிறது. ஆகவே கிழக்குப் பக்க மூலைகளுக்குப் போனால் 90 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். முதன்மை லென்ஸே நல்லது. அகல லென்ஸ் ஓரத்தில் இருக்கும் மண்டபத் தூண்களை இழுத்துவிடும்.

இப்படி எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும். வெட்டிவிடுங்கள், அதற்காகவே அதிகத் தெளிவில் எடுக்கச் சொல்கிறோம். பின்னால் போக இடமில்லாத கோவிலில், கொஞ்சம் சாய்த்து எடுத்து ஸ்னாப்சீட் போன்ற செயலியில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் கலசத்துக்கு மேலும் இரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் விட்டு எடுங்கள். முழுக்க நிமிர்த்தினால் விமானம் மேலே பருத்ததுபோலக் கண்ணுக்கு உறுத்தும். துளி சாய்வு மிச்சம் இருக்கட்டும்.

கல்வெட்டு எழுத்துகள் படத்தில் தெரிவதே இல்லை. சிலர் மாவு, சுண்ணாம்பு பூசி எடுக்கிறார்களே?
– ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர், திருவையாறு

தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். மாவில் ஈரம் சேர்ந்து பூசணம் பிடிக்கும். சுண்ணாம்பு எழுத்தின் குழிக்குள் போய் உட்கார்ந்தால் கம்பியால் சுரண்டத் தோன்றும். ஆயிரம் வருஷம் தாங்கிய எழுத்து அந்தச் சுரண்டலில் போய்விடும்.

எழுத்தைக் காட்டுவது பக்கவாட்டு வெளிச்சம். நேர் வெயிலில் குழிக்குள்ளும் வெளிச்சம் நிறைந்து எழுத்து மறைகிறது. சுவரோடு 10 முதல் 20 டிகிரியில் உரசும் வெயிலில் ஒவ்வொரு எழுத்தின் ஒரு கரை நிழலாகவும் மறு கரை வெளிச்சமாகவும் பிரியும். கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் அந்த நேரம் நண்பகலையொட்டி வரும். வடக்கு, தெற்கு சுவர்களுக்குக் காலையிலும் மாலையிலும். நிழலில் இருக்கும் சுவருக்கு ஒரு எல்இடி டார்ச் போதும். லென்ஸ் பக்கத்தில் பிடிக்காமல், சுவரை ஒட்டி ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மிக அருகில் பிடித்தால் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டுவிடும்.

50 மி.மீ. லென்ஸில் (முழு ஃப்ரேம் கேமரா) 1.5 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு மீட்டர் சொச்சம் அகலம் அடங்கும். 70 செ.மீ. நகர்ந்து அடுத்த படம், மறுபடி 70 செ.மீ. இப்படி மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று வந்தால்தான் பிறகு வரிகளைச் சேர்த்துப் படிக்க முடியும். லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 200-க்குள். தஞ்சையில் விமானத்தின் அதிட்டானத்தில் (அடிப்பீடத்தில்) வரிகள் தாழ்வாக ஓடுகின்றன. குனிந்து எடுக்காமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள், கேமரா சுவருக்கு நேராக இருக்கும். ஒவ்வொரு சுவருக்கும் முதல் படமாக அந்தச் சுவர் முழுதும் தெரியும் ஒன்றை எடுத்து வைக்காவிட்டால், வீட்டுக்கு வந்த பிறகு எந்த வரி எங்கே இருந்தது என்று பிடிபடாது. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினால் பாசியும் கறையும் அடங்கி எழுத்து மேலே வரும்.

தாராசுரத்தின் பெரியபுராணச் சிற்பங்களுக்கும் இதே முறைதான். அவை விமானத்தின் அடித்தளத்தில், தரைக்கு அருகில், சிறிய உருவங்களாக இருக்கின்றன. நின்றபடி எடுத்தால் எல்லா நாயன்மாரும் தலை பெருத்துக் கால் சிறுத்துப் போவார்கள்.

வயல் தண்ணீரில் வானம் கண்ணாடி மாதிரித் தெரியும் படம் எங்கே, எப்போது கிடைக்கும்?
– வாசகர், சென்னை (சொந்த ஊர் நீடாமங்கலம்)

உங்கள் ஊரிலேயே கிடைக்கும். நாளைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டும்.

மேட்டூர் அணை குறுவைக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. நீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் நாளாகும். ஆகவே திருவையாற்றில் நடவு முடிந்த பிறகும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சேற்றுழவு நடந்துகொண்டிருக்கலாம். குறுவைக்கு ஜூன், ஜூலை. சம்பாவுக்கும் தாளடிக்கும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. இவைதான் கண்ணாடி மாதங்கள். கடைமடையில் பலர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டதால் அங்கே தேடி அலைய வேண்டாம், நாற்று விட்டு நடும் ஊராகப் பாருங்கள்.

பரம்படித்து, அதாவது சேற்றை மட்டப்படுத்தி முடித்த அன்று தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக இருக்கும். ஒரு இரவு கடந்தால் வண்டல் அடியில் படிந்துவிடும். மறுநாள் விடியற்காலை, நடவாட்கள் இறங்குமுன், அதுதான் நேரம். நடவுக்குப் பிறகும் பதினைந்து நாள் வரை நாற்று வரிசைகளுக்கு நடுவே வானம் தெரியும். அதன்பின் தூர் கட்டி இலை மூடிவிடும்.

காற்று இந்தப் படத்தின் எதிரி. சூரியன் உதித்து அரை மணி, முக்கால் மணி வரை தண்ணீர் அசையாது. 8 மணிக்கு மேல் சிலுசிலுக்கத் தொடங்கினால் கேமராவை மூடிவிடலாம்.

அடுத்தது உயரம். நின்று எடுத்தால் தண்ணீர் மண் நிறமாகவே வரும். நேர் கீழே பார்க்கும்போது தண்ணீர் தன் மேல் படும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. 10 டிகிரி சாய்வில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்புகிறது. கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கள். அப்போதும் பிம்பம் வானத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும், வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டுப் பிறகு கீழ்ப்பாதியை உயர்த்திக்கொள்ளலாம். போலரைசர் வடிகட்டி மாட்டியிருந்தால் சுற்றிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். நெல் இலையின் பளபளப்பை அடக்கிப் பச்சையை ஏற்றித் தரும் அதே வடிகட்டி, தவறான கோணத்தில் நின்றால் தண்ணீரிலுள்ள வானத்தை அப்படியே துடைத்துவிடும். கண்ணாடிப் படத்துக்கு அதைக் கழற்றி வைப்பதே நிம்மதி.

வயலுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். புதிதாக அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பு, கால் வைத்தால் இடிந்து தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும். ஒரு படத்துக்காக ஒருவரின் அரை நாள் வேலையைக் கெடுக்கக் கூடாது.

கோடியக்கரையில் பூநாரைகளை 400 மி.மீ. லென்ஸில் எடுத்தும் தெளிவில்லை. லென்ஸ் பழுதா?
– வாசகர், மயிலாடுதுறை

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. 9 மணிக்கு மேல் என்றால் லென்ஸில் குற்றமில்லை. வெயில் ஏறியதும் சேற்றுப் பரப்பிலிருந்து கிளம்பும் கானல் காற்றை நெளிய வைக்கிறது. இருநூறு முந்நூறு மீட்டர் அந்தக் காற்றைக் கடந்து வரும் உருவம் எந்த லென்ஸிலும் கூர்மையாகாது, தூரம் கூடக் கூட மோசமாகும். விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்த படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். இரை மேயும் பறவைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு, பறக்கும் கூட்டத்துக்கு 2000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம். வெளிறிய இறகு வெளுத்துப் போகாமல் ஹிஸ்டோகிராம் (கேமரா திரையில் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்து எடுங்கள். கூட்டம் முழுதும் தலையைத் தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள். பல நூறு மைல் கடந்து வந்த பறவை, மேயும் நேரத்தில் பறந்து பறந்து உடல் சோரக் கூடாது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலையும் ட்ரைபாட் கால்களையும் துடையுங்கள். உப்புக் காற்று திருகாணிகளை அரித்துவிடும்.

ட்ரோன் வைத்து கங்கைகொண்டசோழபுரத்தை எடுக்கலாமா?
– வாசகர், ஜெயங்கொண்டம்

தொல்லியல் துறையின் முன் அனுமதி இல்லாமல் முடியாது. மிகச் சிறிய (நானோ வகை) ட்ரோனை ஓட்ட உரிமம் தேவையில்லை என்பது வேறு விஷயம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் மேல் பறக்க அது போதாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் இருப்பதால் அங்கே கட்டுப்பாடு இன்னும் கூடுதல். ட்ரைபாடுக்கும் முன் அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

லென்ஸுக்குள் நூலாம்படை மாதிரி ஏதோ தெரிகிறது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் சரியாகுமா?
– வாசகி, திருவாரூர்

அது பூஞ்சை. அரிசியில் போடாதீர்கள், தவிட்டுத் தூள் லென்ஸ் வளையங்களுக்குள் போய்ச் சேரும். ஈரத்தை இழுக்கும் சக்தியும் அரிசிக்கு மிகக் குறைவு. உட்பக்கம் படர்ந்துவிட்டால் பழுது பார்ப்பவர்தான் பிரித்துத் துடைக்க வேண்டும். தள்ளிப் போட்டால் பூஞ்சையிலிருந்து கசியும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரிக்கும், பிறகு துடைத்தாலும் தடம் நிற்கும்.

இனி வராமல் இருக்க: ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத 10 லிட்டர் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரமானி. ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வசதி. 30-க்குக் கீழே இறங்கினால் ரப்பரும் உயவுப் பசையும் காயும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல் பத்துப் பதினைந்து நாளில் தளர்ந்துவிடலாம். நீலம் இளஞ்சிவப்பானால் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் மின்சார ஓவனில் காயவைத்து, மூடி ஆறவிட்டு, திரும்பப் போடலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமைக்கும் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. ஆரஞ்சு நிறத்தது கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கேமராப் பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி அறையிலிருந்து எடுத்துப் போகும்போது பையைத் திறக்காமல் வெளியே அரை மணி வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் கண்ணாடியில் பனி படியாது.

பழைய முற்றம் வைத்த வீட்டை, இடிக்குமுன் படமெடுத்து வைக்க நினைக்கிறோம். முற்றம் வெளுத்துவிடுகிறது, தாழ்வாரம் கருத்துவிடுகிறது.
– வாசகர், பாபநாசம்

நல்ல காரியம், அவசரமும்கூட. முற்றத்தில் நேர் வெயில் இறங்கும் 10 முதல் 3 மணி வரை எடுக்காதீர்கள். காலை 8-க்கு முன், அல்லது மேகம் மூடிய நாளில், முற்றமே ஒரு பெரிய ஜன்னலாகி நாலு பக்கத் தாழ்வாரத்துக்கும் சீரான வெளிச்சம் தரும். கேமராவை ட்ரைபாடில் இடுப்பு உயரத்தில் மட்டமாக வையுங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100. ஒரே இடத்திலிருந்து மூன்று படம்: மீட்டர் காட்டுவது, இரண்டு ஸ்டாப் குறைவு (கால் பங்கு ஒளி), இரண்டு ஸ்டாப் கூடுதல் (நாலு மடங்கு ஒளி). பிறகு மூன்றையும் இணைத்துக்கொள்ளலாம். விளக்கை அணைத்துவிடுங்கள். ட்யூப்லைட்டின் பச்சை சாயலும் பகல் வெளிச்சமும் கலந்தால் சுண்ணாம்புச் சுவரின் நிறத்தைச் சரிசெய்யவே முடியாது.

இடிக்கப் போகும் வீடு என்பதால் அழகான படம் மட்டும் போதாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று வாசலிலிருந்து வரிசையாக, ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்தும் எடுங்கள். பிறகு தூண், அதன் மேல் போதிகை, நிலைப்படி, கதவின் பித்தளைக் குமிழ், உத்தரமும் தூணும் சேரும் இடம், முற்றத்து நீர் வெளியேறும் தூம்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டேப்பை விரித்து வைத்து ஒரு படம், டேப் இல்லாமல் ஒரு படம். ஓடு இறக்கும் அன்றும் போய் நில்லுங்கள். கை மரங்கள் உத்தரத்தோடு எப்படிப் பூட்டப்பட்டிருந்தன என்பது அன்று ஒரு நாள்தான் வெளியே தெரியும்.